பம்பு அக்காவின் கருப்புக் கை

உள்ளங்கையை விரித்துப் பம்பின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர் மூச்சுக் காட்டக் கூடாது. காட்டினால், கண்ணைத் திறக்காமலே மற்றக் கையை உயர்த்தி அடக்கிவிடுவார். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு. "நல்லாத்தான் இருக்கான்." அவர் கணக்கில் பம்பு 'அவன்'. மோட்டாரும் 'அவன்'. கால்வாய் மட்டும் 'அவ'. அவளுக்குத்தான் செல்லம் அதிகம்.

கையை எடுக்கும்போது அதில் கிரீஸ் இருக்கும். எப்போதும் இருக்கும். சோப்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாம் தோற்றுப்போன கிரீஸ். மோட்டார் அறைக் கதவில், ஸ்டார்ட்டர் பெட்டியில், கரையோர விளக்குக் கம்பத்தில், டீக்கடை டம்ளரில், கட்டிய கணவரின் சட்டை முதுகில் என்று எங்கே பார்த்தாலும் ஐந்து விரலும் பதிந்த ஒரு கருப்புக் கை. என் வீட்டுக் கேட்டிலும் ஒன்று இருக்கிறது. நான் பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் கால்வாயில் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்த அன்று வைத்தது. போட்டது நான் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஊரே அவரைப் 'பம்பு அக்கா' என்கிறது. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும், "என்ன தம்பி?" என்று எழுபது வயதுக்காரரைத் திரும்பிக் கேட்கிறார். காக்கியில் முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு, காதில் பஞ்சு. காதில் பஞ்சு இருப்பதால் அவர் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அவருடைய வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கீழே ஆறு ஓடுகிறது. மேட்டில் பழைய கால்வாய் கிடக்கிறது. நம் பாட்டன்மார்களின் பாட்டன்மார்கள் வெட்டியது. ஒரு காலத்தில் சரக்குப் படகு போனது, இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் படகு போகிறது. மலையடியிலிருந்து அதற்குத் தண்ணீர் தந்த குளம் எப்போதோ தூர்ந்து, மேலே வீடுகள் வந்துவிட்டன. ஆகவே ஆற்றுத் தண்ணீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் கொஞ்சம் குடிக்கும், மண் கொஞ்சம் குடிக்கும். மிச்சத்தைக் குடிப்பது மதகு.

அந்த மதகுக்காரர்தான் அக்காவின் கணவர். படகைக் கால்வாயிலிருந்து கீழே ஆற்றுக்கு இறக்க, இரண்டு கதவுக்கு நடுவே நிற்கும் ஒரு தொட்டித் தண்ணீரை அவர் விட்டாக வேண்டும். "நான் மூச்சு முட்ட ஏத்துறேன். இந்த மனுஷன் ஒரு படகு வந்துட்டா சிரிச்சுக்கிட்டே தொறந்து விட்டுர்றாரு. இதுல குடும்பம் எங்க உருப்படும்?" என்பார் அக்கா. அவர் மறுத்துப் பேச மாட்டார். மெலிந்த ஆள், மடிப்புக் கலையாத சட்டை, அதிலும் முதுகில் மட்டும் கருப்புக் கை. மதகின் பித்தளைக் கைப்பிடியைத் தினமும் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பொன் மாதிரி வைத்திருப்பார். அக்கா அதைத் தொடக் கூடாது. அவர் மோட்டார் அறைக்குள் நுழையக் கூடாது. கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம், இன்றுவரை மீறப்பட்டதில்லை.

"அக்கா எங்கே?" என்று அவரிடம் கேட்டால், பக்கத்தில் இருக்கும் கருப்புக் கையை விரலால் தடவிப் பார்ப்பார். "ஈரமா இருக்கு. இப்பத்தான் போயிருக்கா." இல்லாவிட்டால், "காஞ்சு போச்சு. சாப்பிடப் போயிட்டா." இதை ஒரு வேடிக்கை என்று நினைத்து நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி எங்கள் சுவரில் இருக்கும் சிவப்புக் கோடு பற்றிச் சொல்ல வேண்டும். கால்வாயை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நான் குடியிருக்கிறேன். எங்கள் வீடுகள் நிற்பது கால்வாயின் கரைச் சுவர் மேல். சுவரை மண் பின்னாலிருந்து தள்ளுகிறது, தண்ணீர் முன்னாலிருந்து தாங்குகிறது. தண்ணீர் இறங்கினால் தாங்க ஆளில்லை, சுவர் கால்வாய்க்குள் சாயும். பழமை மாறாமல் காக்க வேண்டிய சுவர் என்பதால் சிமெண்ட் அணைப்புக் கொடுக்கவும் வழியில்லை. அதனால் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதைவிட்டுக் கீழே போகக் கூடாது. குடி வந்த நாளில் வீட்டுக்காரர் இதை எனக்குச் சொல்லவில்லை. அக்காதான் சொன்னார். "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா ரைட்டர் சார்? என் பம்பு சத்தம் கேக்குதுல்ல? கேக்குற வரைக்கும் தூங்குங்க. நின்னா எந்திரிச்சு ஓடுங்க."

மழை பொய்த்த ஒரு கோடையில் அந்தக் கோட்டின் மேல் விளிம்பு நனையாமல் தெரிந்தது.

காலையில் நான் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்க்கும்போது அக்கா எதிர்க் கரையில் குத்துக்காலிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் நாள் மாலையிலிருந்து நிற்கவே இல்லை. படகையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே போகாத நாளில் தண்ணீர் ஏற வேண்டும். ஏறவில்லை. இறங்கியிருந்தது.

"என்னக்கா?" என்றேன். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே போனைக் கையில் எடுத்தார் அக்கா.

கால்வாய் அலுவலகத்து இன்ஜினீயருக்குப் போன் போட்டார். நல்ல பையன் அவன். கால்வாயின் ஒவ்வொரு கல்லும் தெரியும். வேறொரு இடத்தில் உடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், வந்து சேர மாலையாகும் என்றான். அதுவரை இரண்டு பம்பையும் ஓட்டுங்கள், தண்ணீர் இறங்கிக் கோட்டின் அடி விளிம்பைத் தொட்டால் ஒருவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்றான். இரண்டாவது பம்பு கிழவன். வருஷத்தில் ஒரு முறை பேருக்கு ஓட்டுவார்கள். அக்கா அதன் கழுத்தில் ஒழுகாமலிருக்கப் புதுக் கயிறு சுற்றி இறுக்கி, உள்ளே காற்று நிற்காதபடி தண்ணீர் ஊற்றி நிரப்பி, "இன்னிக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்துடா" என்று சொல்லி ஸ்டார்ட்டரை அழுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடியது.

இரண்டும் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. அதுதான் யாருக்கும் விளங்காத அதிசயம். குழாய் வாயில் தண்ணீர் பெருக்கெடுத்துக் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கிறோம். சுவரில் ஈரம் கோட்டின் அடி விளிம்பையும் தாண்டிக் கீழே கீழே போகிறது. உச்சி வெயில் ஏறியபோது மோட்டாரின் மேல் கை வைத்த அக்கா வெடுக்கென்று எடுத்துவிட்டார். தன் வீட்டு மின்விசிறியைக் கொண்டுவந்து அதற்கு எதிரே வைத்தார். போதவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மேஜை விசிறியையும் பிடுங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

"நிறுத்தி ஆற வைக்கலாமேக்கா?" என்றார் தையல்காரர். கடைசி வீடு அவருடையது. மனைவி பிள்ளை பெற்று வீடு வந்து சில நாள்தான் ஆகிறது.

"நிறுத்தினா உன் வீட்டுத் தரைக்கு யாரு பதில் சொல்றது? புகைஞ்சா நிறுத்துறேன். இப்ப போயி பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா."

அந்த நேரத்தில்தான் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. மூட்டையிலிருந்து அரிசி சிந்துகிற மாதிரி, சரசரவென்று. தையல்காரர் வாசலில் பதித்த கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, காலையில் இல்லாத ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது. நான் கோபக்காரன். வீட்டுக்காரரை, அலுவலகத்தை, கால்வாய் வெட்டிய முன்னோர்களை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே புத்தக அலமாரியை இழுத்தேன். அசையவில்லை.

மதகுக்காரர் வந்து கை கொடுத்தார். படகு இல்லாததால் மதகில் வேலை இல்லை என்று காலையிலிருந்து எங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தொட்டிலை, தையல் மிஷினை, என் அலமாரியை எல்லாம் அவர்தான் முன்னால் பிடித்தார். என் வாசலில் படி இடறி, அலமாரியோடு விழப் பார்த்து, சமாளித்து நின்றார். "இந்தப் படி எப்ப வெச்சீங்க சார்?" என்று கேட்டுச் சிரித்தார். படி அங்கேயேதான் இருக்கிறது. அந்தக் களேபரத்திலும் நானும் சிரித்துவிட்டேன்.

சூரியன் சாயத் தொடங்கியபோது, பம்பின் இழுப்புக் குறைகிறது என்று அக்கா சொன்னார். ஆற்றில் கிடக்கும் குழாயின் முனையில் ஒரு சல்லடை உண்டு, அதில் குப்பை சேர்ந்திருக்க வேண்டும். "வாங்க, கயிறு பிடிக்க ஒரு ஆளு வேணும்" என்று என்னை இழுத்துக்கொண்டு படியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குனிந்து, சல்லடையைத் துழாவி ஒரு பிடி அள்ளினார். கையைப் பார்த்தார். மறுபடி குனிந்து இன்னொரு பிடி. அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா, குப்பையா?"

"பாசி."

பாசி என்றால் என்ன பெரிய விஷயம் என்று நான் நின்றேன். அவர் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பயறளவு வட்ட இலைகள், பச்சைப் பசேலென்று. "ஓடுற தண்ணில இது வளராது சார். இது ஆத்துப் பாசி இல்ல. என் கால்வாய்ப் பாசி."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. மதகின் ஓரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு சின்ன மடை இருக்கிறது. மதகுக் கதவில் ஒதுங்கும் பாசியைத் தள்ளிவிட, தினமும் விடிந்ததும் மதகுக்காரர் அதைக் கொஞ்சம் திறந்து மூடுவார். அந்தத் தண்ணீர் கரைக்கு அடியில் மூடிய வாய்க்கால் வழியாகப் போய் ஆற்றில் விழும். விழும் இடம், அக்காவின் குழாய் கிடக்கும் இடத்துக்குச் சற்று மேலே. ஆக, காலையிலிருந்து இரண்டு மோட்டாரும் தீய்ந்து மேலே ஏற்றிய தண்ணீர், யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் புகுந்து, அதே குழாய்க்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதோடு கால்வாயின் சொந்தத் தண்ணீரும்.

அக்கா ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததில்லை. ஈரச் சட்டையோடு படியேறி, கரையேறி, மதகில் போய் நின்றார். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். மடையின் இரும்புத் தண்டு தரையில் பதித்த தகட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தண்டில் ஒரு வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். பட்டை தகட்டுக்குள் மறைந்தால் மடை மூடியிருக்கிறது என்று அர்த்தம். அன்று அது தகட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், சாய்ந்த வெயிலில் பளீரென்று தெரிந்தது. நான் கண்ணாடி போட்டவன். எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தது.

அக்கா பட்டையைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, யாருடைய பெட்டியையோ தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்து நடக்கிற கணவரைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இது கூடவா தெரியல இவருக்கு?" என்று மெல்லக் கேட்டார். காதில் பஞ்சு வைத்த நாளிலிருந்து அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு அந்தத் தண்டை ஏற்றி இறக்கும் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். இறுகிக்கொண்டது. அடியில் ஏதோ கட்டை சிக்கியிருக்கிறது. கை இறுக்கத்தை வைத்து, மூடிவிட்டது என்று காலையில் மதகுக்காரர் விட்டிருக்கிறார். கண் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அக்கா எதிர்ப்பக்கம் சுற்றிக் கட்டையை ஓடவிட்டு, மறுபடி கீழே இறக்கினார். 'டங்' என்று அடியில் உட்கார்ந்தது. வெள்ளைப் பட்டை மறைந்தது. மோட்டார் நினைவு வந்து, வந்த வழியே ஓடினார். பொன் மாதிரி மின்னிய கைப்பிடியில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன.

தண்ணீர் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. இருட்டும் நேரத்தில் கோட்டின் அடி விளிம்பு நனைந்திருந்தது. பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவி அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

இன்ஜினீயர் வந்து சேர்ந்தான். வெடிப்பை டார்ச் அடித்துப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பிறகு, என்னதான் ஆயிற்று என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் மதகருகே நின்றிருந்தோம். மதகுக்காரர் வழக்கம்போல் கைப்பிடியில் கை வைத்தவர், விரல்களை எடுத்து ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். மறுபடி கைப்பிடியைத் தடவினார். ஈரக் கிரீஸ். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, காலைல நான் பாசி தள்ளும்போது..." என்று தொடங்கினார்.

"பம்பு ஏர் புடிச்சிருச்சு தம்பி" என்றார் அக்கா. அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். "நான்தான் கவனிக்கல. வெறுமனே ஓடியிருக்கு. அப்புறம் பாத்துச் சரி பண்ணிட்டேன்."

பம்பு காற்றை இழுப்பது பம்பு ஓட்டுகிறவருக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். "என் பம்பு ஏர் புடிச்சதா சரித்திரமே கிடையாது" என்பதுதான் அவர் வாய் ஓயாமல் அடிக்கும் பெருமை. இன்ஜினீயருக்கும் அது தெரியும். அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தான். கைப்பிடியில் ஒரு முறை டார்ச் வெளிச்சம் பட்டு நகர்ந்தது. "இனிமே ஏர் புடிக்காமப் பாத்துக்குங்கக்கா" என்றான். வெடிப்புக்கு மண் அடைக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னான். போகிற போக்கில், ஆட்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை வைக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போனான். அதில் தேறாதவரை மதகில் வைக்க மாட்டார்கள். அது மதகுக்காரருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

மதகுக்காரருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார். மலை மாதிரி மதகுக் கதவையே தனியாளாகத் தள்ளுகிற மனுஷனுக்குக் கண்ணில் கத்தி என்றால் மட்டும் பயம். நாள் குறிப்பார்கள், அன்று பார்த்து அவருக்கு இருமல் வரும். "பரிசோதனைக்கு முன்னாடி முடிச்சுருவேன், இழுத்துட்டாவது போயிருவேன்" என்கிறார் அக்கா. முடித்துவிடுவார் என்றுதான் நானும் நம்புகிறேன். அதுவரைக்கும்?

இதைத்தான் அக்காவிடம் நான் சண்டையாகவே கேட்டேன். என் வீடு, தையல்காரர் வீடு, அந்தப் பிள்ளை, எல்லாம் அந்தத் தண்டின் மேல்தானே நிற்கிறது, நீங்கள் பாட்டுக்கு மூடி மறைத்தால் என்ன நியாயம் என்றேன். நன்றாகவே கத்தினேன். அவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க கேக்குறது நியாயம் சார். உங்க வீடு விழாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இப்பவே அவரை மதகுல இருந்து எறக்கிட்டா, அவரு விழுந்துருவாரு."

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றபோதும் அவர் பதறவில்லை. தாராளமாக எழுதச் சொன்னார். வீட்டில் கணவருக்குப் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவது அக்காதானாம். எந்த இடத்தைத் தாண்டிப் போவது என்று அவருக்குத் தெரியுமாம்.

மதகுக்காரர் இப்போது குஷியாக இருக்கிறார். டீக்கடையில் ஒரு ஆள் விடாமல் சொல்லிச் சிரிக்கிறார்: "எங்க வீட்டம்மா பம்பே ஏர் புடிச்சிருச்சு, தெரியுமா? சரித்திரமே கிடையாதுன்னு சொன்னவ!" அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஆமாம் ஆமாம் என்கிறார். நடந்தது உண்மையிலேயே மதகுக்காரருக்குத் தெரியாதா, தெரிந்துதான் சிரிக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சில சமயம் சிரிப்பு முடிந்த பிறகு தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்கிறார்.

நேற்றுக் காலை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மதகுக்காரர் பாசியைத் தள்ளினார். மடையை மூடினார். கைப்பிடியைத் துணியால் துடைத்து மினுக்கினார். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். அவர் முதுகு திருப்பத்தில் மறைந்ததும் மோட்டார் அறைக் கதவு திறந்தது. அக்கா வந்தார். வெள்ளைப் பட்டை இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். அது போதாதென்று கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. மூடித்தான் இருந்தது.

இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். திரும்பி வந்தார். கழுத்துத் துண்டை உருவி, பித்தளையில் பதிந்திருந்த தன் கருப்புக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஈரம் மிச்சமிருக்கிறதா என்று முழங்கையின் சுத்தமான பக்கத்தால் கைப்பிடியை ஒரு முறை தடவிப் பார்த்தார்.